பழைய நூற்பாலைக் கட்டிடத்தில் ரோபோக்களுடன் கூடிய சி.என்.சி. பிரிவு: இடிப்பதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி – சிங்காநல்லூர்வாசி

வணக்கம். கோவையில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான நூற்பாலை உற்பத்தி நின்று பூட்டிக் கிடக்கிறது. 1950களில் கட்டிய நார்த் லைட் கூரைக் கட்டிடம் (ரம்பப் பல் போன்ற சரிவுகள், வடக்கு நோக்கிய கண்ணாடிகள்). சுவர்கள் நன்றாக இருக்கின்றன, தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன, கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள். அதே இடத்தில் பம்பு உறைகளையும் மோட்டார் பாகங்களையும் கடைந்து தரும் சி.என்.சி. (கணினி கட்டுப்பாட்டில் கடையும் இயந்திரங்கள்) பிரிவு ஒன்றைத் தொடங்க எண்ணுகிறோம். வார்ப்புகளை இயந்திரத்தில் ஏற்றி இறக்க ரோபோக்கள், பாகங்களை எடுத்துச் செல்ல ஓட்டுநரில்லா வண்டிகள், அளவு சரிபார்க்கக் கேமராக்கள் என்பது திட்டம். இயந்திரம் விற்பவர்கள் தரை மட்டமாக இருந்தால் போதும் என்கிறார்கள். ஒப்பந்தக்காரரோ எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிய இரும்புக் கொட்டகை போடச் சொல்கிறார். எதை முதலில் பார்த்து முடிவெடுக்க வேண்டும்?

பதில் – கட்டமைப்புப் பொறியாளர்

முதலில் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நூற்பாலைகளில் ரிங் பிரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) வரிசைகளுக்குக் கீழே, காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட்டுக்குக் காற்றைத் திருப்பி இழுக்கும் டக்டுகள் (காற்றுக் கால்வாய்கள்) பெரும்பாலும் செங்கல் சுவரும் மேற்பலகையுமாக ஓடும். ஆலை மூடப்பட்டபின் யாராவது அவற்றின் மேல் சிமென்ட் பூசி மூடியிருந்தால், பார்வைக்கு நல்ல தரையாகத் தெரிவது உள்ளே வெற்றிடமாக இருக்கும். பழைய வரைபடத்தைத் தேடுங்கள். அது கிடைத்தாலும் அதை மட்டும் நம்பாமல் தரை ஊடுருவும் ரேடார் மூலம் முழுத் தளத்தையும் அளந்து, சந்தேகமான இடங்களில் கோர் (உருளை வடிவத் துண்டு) வெட்டி எடுத்துப் பாருங்கள்.

200 கிலோ தூக்கும் ஆறு அச்சு ரோபோ ஒன்றே ஒரு டன்னுக்கு மேல் எடை உள்ளது. எடையைவிடக் கவனிக்க வேண்டியது, வேகமாக ஓடும் கை அவசரப் பொத்தானை அழுத்தியதும் சட்டென நிற்கும்போது அடித்தளத்தைப் புரட்டிப் போடப் பார்க்கும் விசை. பழைய ஆலைத் தரைகள் பலவற்றில் மேலே சிறிதளவு கான்கிரீட்டும் கீழே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும்தான் இருக்கும்; இயந்திரத்தைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் அதில் பிடிக்காது. ஒவ்வொரு ரோபோவுக்கும் ஒவ்வொரு கனமான சி.என்.சி. இயந்திரத்துக்கும் தரையை வெட்டித் தனி அஸ்திவாரம் போட்டு, சுற்றியுள்ள தளத்திலிருந்து இடைவெளி விட்டுப் பிரிப்பதே சரி.

கூரையைப் பொறுத்தவரை, அதைத் தாங்கும் ட்ரஸ்கள் (முக்கோணச் சட்டங்கள்) தகட்டையும் காற்றையும் தாங்கக் கணக்கிட்டவை. கேபிள் தட்டு, காற்றுக் குழாய், எண்ணெய்ப் புகை உறிஞ்சும் குழாய் எதையும் அவற்றில் தொங்கவிடாமல், தரையிலிருந்து எழும்பும் தனிச் சட்டங்களில் தாங்குங்கள். கோவை நிலநடுக்க மண்டலம் மூன்றில் (நடுத்தர அபாயம்) வருகிறது; 1900 பிப்ரவரியில் இந்தப் பகுதியில் ஏறத்தாழ 6 ரிக்டர் அளவுள்ள நடுக்கம் ஏற்பட்டது. எனவே, தூண்களை மாற்றும் எண்ணம் இருந்தால் நிலநடுக்க விசைக்கும் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

பதில் – தானியங்கிப் பிரிவு அமைப்பாளர்

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். எனினும் இடிக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. தூண்கள் நெருக்கமாக இருப்பது நீளமான அசெம்பிளி வரிசைக்குத்தான் இடைஞ்சல். ஒரு ரோபோ, அதைச் சுற்றி இரண்டு மூன்று சி.என்.சி. இயந்திரங்கள், ஒரு கழுவும் தொட்டி என்று தனித்தனிக் குழுக்களாக அமைத்தால், தூண்களே பாதுகாப்பு வேலிக்கான எல்லையாக அமைந்துவிடும். இயந்திரங்களுக்கு மேலே ஓடும் கேன்ட்ரி ஏற்றிகளைத் தவிர்த்துவிடுங்கள். ட்ரஸின் கீழ்மட்ட உயரம் அவற்றுக்குப் போதாது.

நார்த் லைட் கண்ணாடி வழியாகப் பெரும்பாலும் நேர் வெயில் படாத சீரான வெளிச்சம் கிடைப்பது தொழிலாளர்களுக்கு நல்லது. கேமராக்களுக்கு அது ஒத்துவராது. மேகம் கடக்கும்போது வெளிச்சம் மாறினால், நல்ல பாகத்தையே கேமரா கழித்துப் போடும். ஆகையால் ஒவ்வொரு சோதனை இடத்தையும் இருட்டு மறைப்புக்குள் வைத்துத் தனி விளக்குக் கொடுக்க வேண்டும். அதேபோல் இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளத்தாக்குத் தகரக் கால்வாய்தான் இக்கூரையில் முதலில் ஒழுகும் இடம். ஐப்பசி மழையில் இலைகள் அடைத்து நீர் பொங்கினால், கீழே நிற்கும் சர்வோ கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்தான் (ரோபோ, இயந்திர மோட்டார்களை இயக்கும் மின் பெட்டி) வந்து விழும். பெட்டிகளை அந்தக் கோட்டுக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

உயரழுத்த மின் இணைப்பும் மின்மாற்றியும் இன்னும் உங்கள் பெயரில் இருந்தால் அது பெரிய வரவு. ஆனால் பழைய கேபிள்களையும் புவி இணைப்பையும் புதிதாகச் செய்யுங்கள்; சர்வோ டிரைவ்கள் எழுப்பும் ஹார்மோனிக்ஸ் (மின் அலை வடிவச் சிதைவு) அந்தக் காலத்து மோட்டார்கள் அறியாத தொல்லை.

பதில் – வாகனத் துறை நண்பர்

பழைய கட்டிடத்தில் தானியங்கி உற்பத்திக்குக் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையை எடுத்துக்கொள்ளலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1962இல் திறந்து 1982இல் மூடிய அந்த ஆலை, 1984 முதல் டொயோட்டாவுடன் கூட்டாக நடந்து, 2010இல் டெஸ்லா கைக்கு வந்தது. 2012இல் மாடல் எஸ் அங்கிருந்து வெளிவந்தது. கட்டிடத்தின் வயது தடையாக இருக்கவில்லை. அங்கே சிக்கல் 2018 வாக்கில் வேறு வடிவில் வந்தது: எல்லா வேலையையும் ஒரே மூச்சில் தானியங்கியாக்க முனைந்து, சிக்கலான கன்வேயர் வலைப்பின்னல் ஒன்றை அமைத்து, அது ஒத்துழைக்காமல் அகற்ற நேர்ந்தது, அளவுக்கு மீறிய தானியங்கி மயம் தவறு என்று எலான் மஸ்க்கே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆகவே ஒரு குழுவை மட்டும் நிறுவி, மூன்று ஷிப்டுகளிலும் ஓட்டிப் பார்த்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். ஓட்டுநரில்லா வண்டிகளைக் கடைசியாக வாங்கலாம். அதுவரை கைவண்டி போதும்.

ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை உடைத்து இறக்க விடவே கூடாது. நனைத்து, போல்ட்டை வெட்டி, முழுத் தகடாக இறக்கி, இறக்குபவர்களுக்கு உரிய சுவாசக் கவசம் கொடுத்து, எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உற்பத்தி முறை மாறுவதால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புதிய வரைபட ஒப்புதலும், கட்டிட உறுதிச் சான்றும் தேவைப்படும்.

கேள்வியாளரின் தொடர்ச்சி

அனைவருக்கும் நன்றி. டக்டுகள் இருப்பது உறுதி. ஆள் குனிந்து நடக்கும் அளவுக்கு இருக்கின்றன. முழுவதையும் கான்கிரீட்டால் நிரப்பிவிடலாமா, அல்லது கூலன்ட் (கடையும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) திரும்பும் வழியாகப் பயன்படுத்தலாமா?

பதில் – கட்டமைப்புப் பொறியாளர்

இயந்திரமோ ரோபோவோ மேலே வரும் பகுதிகளை நிரப்பிவிடுங்கள். நடைபாதைக்குக் கீழே ஓடும் நேரான டக்டை வைத்துக்கொள்ளலாம். ஆனால் செங்கல் சுவரில் கூலன்ட் நேரடியாக ஓடினால் அதிலுள்ள எண்ணெய் மண்ணுக்குள் இறங்கும். உள்ளே கசிவு தெரியும்படி எஃகுத் தொட்டி வைத்து, அதற்குள் குழாயை விடுங்கள். அதற்கு முன் பல ஆண்டுகளாக அங்கே படிந்திருக்கும் பஞ்சை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அந்தப் பஞ்சு முழுவதும் வெளியேறும்வரை மேலே வெல்டிங் வேலை எதையும் அனுமதிக்காதீர்கள், ஒரு பொறி விழுந்தாலும் புகை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் நெருப்பு டக்டின் மறுமுனைக்குப் போய்விடும்.