பதினெட்டு வயது மகனுக்கு முதல் காராக 1974 பிரீமியர் பத்மினி வாங்கலாமா?

கொள்ளிடக்கரையான், திருச்சி:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு இந்த ஆண்டு இயந்திரப் பொறியியலில் சேர இருக்கிறான். வரும் ஆவணியில் அவனுக்குப் பதினெட்டு வயது நிறைகிறது. கல்லூரி புதுக்கோட்டை சாலையில், வீட்டிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பைக் வேண்டவே வேண்டாம் என்று அவன் அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டதால், கைமாறிய சிறிய கார் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டின் கார் கொட்டகையில் நிற்கும் 1974-ஆம் ஆண்டு பத்மினி ஒன்றைத் தரகர் காட்டினார்.

மங்கிய பால் நிறம், சிவப்பு ரெக்சின் இருக்கை, ஸ்டியரிங்கை ஒட்டிய கை கியர். வேறு பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் இயங்கியது. மகன் அந்த இடத்திலேயே மனத்தைப் பறிகொடுத்துவிட்டான். விலை ஒன்றே முக்கால் லட்சம் கேட்கிறார்கள். ஆர்.சி. புத்தகம் இப்போது விற்பவரின் காலஞ்சென்ற தாத்தா பெயரில் இருக்கிறது; கடைசியாக எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பித்தது 2012-இல். வண்டி ஐம்பது ஆண்டைக் கடந்துவிட்டதால், வின்டேஜ் பதிவு வாங்கிக்கொண்டால் இனி எந்தத் தொந்தரவும் இருக்காது என்று தரகர் சொல்கிறார்.

புதிதாக ஓட்டக் கற்பவனுக்கு இந்த வண்டி தினசரிப் பயன்பாட்டுக்கு ஒத்துவருமா? ஆவணி வரை காத்திருக்காமல், எங்கள் நகருக்குள் இருக்கும் தெருக்களில் மட்டும் இப்போதே பழகிக்கொள்ளலாமா என்றும் கேட்கிறான். விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆவணக்காரர், தஞ்சாவூர்:

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து அதிகம். பதினெட்டு நிறையாத பிள்ளை பொதுச் சாலையில் கார் ஓட்டிப் பிடிபட்டால், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி பெற்றோரும் வாகன உரிமையாளரும்தான் குற்றவாளிகள். 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து என்பவற்றோடு, பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமமும் கிடைக்காது. உங்கள் நகருக்குள் இருக்கும் தெருவும் பொதுச் சாலைதான். பிறந்தநாளுக்கு மறுநாள் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து, எல் பலகை ஒட்டி, உரிமம் உள்ளவர் பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொடுப்பதே முறை.

அடுத்து, தரகர் சொல்லும் வின்டேஜ் பதிவு. அவர் சொல்வதில் பாதி உண்மை. சொல்லாமல் விட்ட பாதிதான் தங்களுக்கு முக்கியம். 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டைக் கடந்து, சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் ‘விஏ’ என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் கிடைக்கும். பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அந்த எண்ணோடு வண்டியைக் கண்காட்சிக்கும், வின்டேஜ் பேரணிக்கும், தொழில்நுட்ப ஆய்வுக்கும், பெட்ரோல் போடவும் பராமரிக்கவும்தான் சாலையில் இறக்கலாம். தினமும் கல்லூரிக்கு ஓட்டிச் செல்ல அந்த விதிகளில் இடமில்லை. ஆகவே தங்கள் தேவைக்கு வின்டேஜ் பதிவு ஒரு பூட்டாகத்தான் முடியும்.

சாதாரணப் பதிவையே புதுப்பிப்பதென்றால் செலவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பதினைந்து ஆண்டைக் கடந்த காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025-இல் 10,000 ஆக உயர்ந்தது. இது ஐந்தாண்டுக்கு ஒரு முறை. 2012-இல் புதுப்பித்தது 2017-இல் காலாவதியாகியிருக்கும் என்பதால், மாதத்துக்கு 500 ரூபாய் தாமதக் கட்டணம் பற்றியும், பழைய வண்டிகளுக்கு விதிக்கும் பசுமை வரியில் உள்ள நிலுவை பற்றியும் அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

தாத்தா பெயரில் இருக்கும் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு பேரன் நேரடியாகத் தங்களுக்கு விற்க முடியாது. வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் பெற்று, படிவம் 31 வழியாக முதலில் அவர் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான், படிவம் 29, 30 மூலம் தங்களுக்கு மாற்றித் தர முடியும். 1989-க்கு முந்தைய பழைய வரிசை எண் என்பதால், கணினிப் பதிவேட்டில் வண்டி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பழைய பேரேட்டைத் தேடியெடுத்து ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கு எத்தனை நாளாகும் என்பது பேரேட்டைக் கரையான் விட்டுவைத்திருப்பதைப் பொறுத்தது.

பட்டறை முத்து, மதுரை:

காகிதம் பற்றி நண்பர் எழுதிவிட்டார். நான் இரும்பைப் பற்றி எழுதுகிறேன். பத்மினியும் அம்பாசடரும் என் பட்டறைக்கு இன்றும் வருகின்றன. அவற்றின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. பம்பாய் குர்லாவில் ஃபியட் உரிமத்தோடு தயாரான கார் இது. 1,089 சிசி இன்ஜினைப் பிரித்து மாட்ட ஒரு பெட்டி ஸ்பேனர் போதும். மகனுக்கு இயந்திரம் பிடிக்குமென்றால் இதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது கடினம். ஆனால் இன்ஜின் இயங்கியது என்பதை மட்டும் வைத்து வண்டியை எடைபோடாதீர்கள், ஏனென்றால் இந்த இன்ஜின் எந்த நிலையிலும் இயங்கிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது பிரேக். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். அந்தக் காலத்து வண்டிகளில் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே சுற்றாக நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் போகும். ஏதாவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கும் ஒன்றாகப் போய்விடும், மிதி தரையைத் தொடும். அனுபவமுள்ள ஓட்டுநர் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்திவிடுவார். ஓட்டத் தொடங்கிய பையனுக்கு அந்த நொடியில் கை ஓடாது. பல ஆண்டு கொட்டகையில் நின்ற வண்டி என்பதால், மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள் அத்தனையையும் புதிதாகப் போடாமல் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்கவே கூடாது.

அடுத்தது துரு. காலடியில் இருக்கும் விரிப்பைத் தூக்கிவிட்டு, திருப்புளியின் கைப்பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று வந்த ஒலி எங்கே மொத்தையாகிறதோ அங்கே தகடு போய், மேலே பட்டியும் (பள்ளத்தை நிரப்பிப் பூசும் பசை) பெயின்ட்டும்தான் நிற்கின்றன என்று பொருள். கதவின் அடிப்பகுதி, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, பேட்டரி வைக்கும் இடம் மூன்றிலும் சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. டிங்கரிங் (தகடு ஒட்டி நிமிர்த்தும்) வேலைக்குக் கூலி இன்று இன்ஜின் வேலையைவிட அதிகம். நல்ல டிங்கர் கிடைப்பது அதைவிட அரிது.

பெட்ரோலும் ஒரு சிக்கல். இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது; அது பழைய ரப்பர் குழாயையும், பம்பில் இருக்கும் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும், டேங்கின் அடியில் காலங்காலமாகப் படிந்ததைக் கரைத்துக் கொண்டுவந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். சித்திரை வெயிலில் நெரிசலில் நின்றால் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகி வண்டி மூச்சை விட்டுவிடும். பானெட்டைத் தூக்கி, பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவைத்து, சூடு தணியும்வரை சாலையோரம் நிற்க வேண்டியதுதான். அந்தக் காலத்து டாக்சிக்காரர் எல்லாரும் இருக்கைக்கு அடியில் ஒரு துணியும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தார்கள். காலை எட்டே முக்கால் மணி வகுப்புக்குப் போகிற பையனுக்கு இது சரிவருமா என்பதைத் தாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது, சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் பெரும்பாலானவை அகப்படும். ஆனால் மும்பையில் பத்மினி டாக்சிகள் ஓடியவரை இருந்த வரத்து இனி இருக்காது. கடைசி டாக்சி 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது.

நெடுஞ்சாலைப் பயணி, சென்னை:

மேலே எழுதியவர்கள் இருவரும் மென்மையாகச் சொல்லிவிட்டார்கள். நான் நேராகவே சொல்கிறேன், வாங்காதீர்கள். இந்தக் காரில் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது, பெரும்பாலும் சீட் பெல்ட்டே இருக்காது, தலைக்குப் பின்னால் தாங்கும் பட்டையும் இல்லை. மோதும்போது மடங்கிக்கொடுக்கும்படி இன்றைய ஸ்டியரிங் தண்டுகளை அமைக்கிறார்கள். அந்தக் காலத்துத் தண்டு விறைத்து நின்று மார்பை நோக்கி வரும். புதிய கார்கள் அனைத்துக்கும் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ்ஸும், அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஓட்டுநர் பக்க ஏர்பேக்கும் கட்டாயமாகிவிட்டன. அதற்குப் பிறகு தயாரான கைமாறிய சிறிய கார் ஒன்றை வாங்கினால், பத்மினியின் விலையோடு பட்டறைச் செலவையும் சேர்த்துப் பார்க்கும்போது வித்தியாசம் தாங்கள் அஞ்சுகிற அளவுக்கு இருக்காது.

பகலில் தாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவன் எப்படி ஓட்டுகிறான் என்பது இங்கே கேள்வியே இல்லை. இரவு பத்து மணிக்கு மூன்று நண்பர்களை ஏற்றிக்கொண்டு, டைனமோவின் மங்கல் வெளிச்சத்தில், எதிரே ஹைபீம் போட்டு வரும் பேருந்துக்கு முன்னால் அவன் எப்படி ஓட்டுவான் என்று நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

வடவள்ளி வாசகி, கோவை:

நெடுஞ்சாலைப் பயணி ஐயா சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் ‘வாங்காதீர்கள்’ என்பதற்கும் ‘தினசரிக்கு வாங்காதீர்கள்’ என்பதற்கும் இடையே இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் அப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டில்தான் நான் ஓட்டப் பழகினேன். சென்னைக்கு அருகே பெருங்களத்தூரில் தயாரான கார் அது. டிரையம்ஃப் ஹெரால்டு என்ற ஆங்கிலக் காருக்கு மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் கொடுத்த வடிவத்தை இங்கே கொண்டுவந்து, பிற்காலத்தில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வைத்தார்கள். பானெட் மட்டும் தனியாகத் திறக்காது; முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்னோக்கிச் சாயும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். பிளக்குக்குத் தீப்பொறி வரவைக்கும் பாயின்ட்டின் இடைவெளி கூடினால் என்ன ஆகும், சோக்கை இழுத்தபடியே விட்டால் ஏன் கரும்புகை வருகிறது என்பதையெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் அறிந்தேன். அந்த வண்டிக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பின்சக்கரங்கள் உட்பக்கமாக மடங்கி வண்டியின் பின்புறம் வீசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அப்பா எத்தனையோ முறை சொல்லியிருந்தாலும், காலியான மைதானத்தில் ஒரு முறை அந்த வீச்சை உணர்ந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

ஆனால் அது மைதானம் என்பதையும், அப்போது அவிநாசி சாலையில் இன்றைய நெரிசலும் வேகமும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. நான் வேலைக்குப் போவது இன்றைய கார் ஒன்றில். ஹெரால்டை ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எடுக்கிறேன். தங்களால் இயலுமென்றால், தம்பி ஓட்டக் கற்பதும் கல்லூரிக்குப் போவதும் இக்காலத்து வண்டியில் இருக்கட்டும். பத்மினி வீட்டில் நின்று, விடுமுறையில் அவன் கையாலேயே பிரிந்து சேரட்டும். இரண்டுக்கும் பணம் இல்லையென்றால் முதலாவதுதான் முக்கியம். இயந்திரம் பழக ஒரு பழைய கார்புரேட்டரும் கியர்பாக்ஸும் புதுப்பேட்டையிலோ எங்கள் உக்கடத்திலோ எடைக்குக் கிடைக்கும்.

கொள்ளிடக்கரையான், திருச்சி:

அனைவருக்கும் மிக்க நன்றி. வின்டேஜ் பதிவைப் பற்றித் தரகரிடம் மீண்டும் கேட்டேன். “யாருங்க அதையெல்லாம் பார்க்கப்போறாங்க” என்றார். அந்தப் பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது. கல்லூரிக்குக் கல்லூரிப் பேருந்து, அல்லது நெடுஞ்சாலைப் பயணி சொல்லும் வகையில் கைமாறிய கார் ஒன்று என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம். இருந்தாலும் பத்மினியை மகன் மறக்கவில்லை. வாரிசுதாரர்கள் பெயர் மாற்றிக் கொடுக்க முன்வந்தால், விலையையும் குறைத்துக்கொண்டால், வாசகி அவர்கள் சொன்னபடி வீட்டில் நிறுத்திப் பிரித்துச் சேர்க்க வாங்கலாமா என்ற எண்ணம் இருக்கிறது. பின்னால் எப்போதாவது ஊருக்குள் எடுப்பதென்றால் சீட் பெல்ட் மாட்டிக்கொள்ள முடியுமா?

பட்டறை முத்து, மதுரை:

மாட்டலாம் ஐயா, ஆனால் பெல்ட்டை வாங்கித் தகட்டில் துளை போட்டு முடுக்கினால் மட்டும் போதாது. மோதும் நேரத்தில் ஓர் ஆளின் எடையைப்போலப் பல மடங்கு இழுப்பை அந்த போல்ட் தாங்க வேண்டும். அடித்தகட்டுக்கும் கதவுத் தூணுக்கும் உட்புறமாகக் கனமான இரும்புத் தகட்டை வைத்து வெல்டு செய்து, அதில்தான் நட்டைப் பொருத்த வேண்டும். தகடு துருப்பிடித்திருந்தால் அது அப்படியே பிய்ந்துகொண்டு வரும். ஆகவே காந்தத்தையும் திருப்புளியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

போகும்போது வெள்ளைத் தாளும் பென்சிலும் கொண்டுபோய், சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துத் தேய்த்து அச்சு எடுத்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இன்ஜின் எண்ணையும் அப்படியே. அந்தக் காலத்தில் இன்ஜினை மாற்றிவிட்டுப் புத்தகத்தில் ஏற்றாமல் விட்டவர்கள் நிறையப் பேர். இரண்டும் ஒத்துப்போகும்வரை தரகரிடம் முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.