கணவருக்கு எச்.ஐ.வி., மனைவிக்கு இல்லை: மரபணுதான் காரணமா?

காரைக்குடி ஆலோசகர்
வணக்கம். நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) வரும் சில தம்பதிகளில் கணவருக்குத் தொற்று இருக்கும், மனைவிக்கு வருடக்கணக்கில் நெகட்டிவ் என்றே வரும். "எங்க மருமக ரத்தம் தாங்கும்" என்று அப்பத்தாமார் முடிவுகட்டிவிடுகிறார்கள். அதோடு ஆணுறையும் நின்றுவிடுகிறது. இப்போது யூடியூபில் 'டெல்டா 32' பார்த்துவிட்டு, "அத்தை மகளைக் கட்டின குடும்பம், எங்களுக்கு அந்த மரபணு இருக்குமா, எங்கே டெஸ்ட் எடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

தேவகோட்டை லேப்
வைரஸ் சிடி4 அணுவுக்குள் (நோய் எதிர்ப்பு வெள்ளையணு) நுழைய, அதன் மேலிருக்கும் சிடி4 என்ற புரதம் மட்டும் போதாது, கூடவே சிசிஆர்5 என்ற புரதமும் பெரும்பாலும் வேண்டும். அந்தப் புரதத்துக்கான மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டிருந்தால் (இதுதான் டெல்டா 32) புரதம் அணுவின் மேற்பரப்புக்கே வராது. 1996-ல் கண்டறிந்தது இது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வலுவான தடை. ஒரு பக்கம் மட்டும் வந்தால் தொற்று வரும், நோய் முற்றுவது கொஞ்சம் தள்ளிப்போகலாம். இரண்டும் இருந்தாலும் சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறொரு புரதம் வழியாக நுழையும் வைரஸ் வகை தொற்றிய ஆட்கள் உண்டு.

வட ஐரோப்பிய வம்சாவளியில் இரட்டையாக வைத்திருப்பவர் ஏறக்குறைய 100-க்கு ஒருவர். நம்மூர் மக்களிடம் ஒற்றையே அபூர்வம். சொந்தத்தில் கட்டுவது இல்லாத மரபணுவை உண்டாக்காது, இருப்பதை இரட்டையாக்கும் வாய்ப்பைத்தான் கூட்டும். ஒரு கணக்குக்கு, ஊராரிடம் உள்ள இந்த மரபணுப் பிரதிகளில் (ஒருவருக்கு இரண்டு) 1,000-க்கு 1 டெல்டா 32 என்று வையுங்கள். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறக்கும் குழந்தைக்கு இரட்டையாக அமைய வாய்ப்பு சுமார் 16,000-ல் ஒன்று. இதை நம்பி ஆணுறையை விடலாமா?

டெஸ்ட் பி.சி.ஆர். (மரபணுத் துண்டைப் பல பிரதி எடுக்கும்) முறைதான். வழக்கமான பிரைமரில் (துண்டின் எல்லையைக் குறிக்கும் சிறு டி.என்.ஏ.) சாதாரணப் பட்டை 189 எழுத்து நீளம், விடுபட்டது 157. வித்தியாசம் 32 என்பதால் 1% அகரோஸ் ஜெல்லில் (துண்டுகளை நீளவாரியாகப் பிரிப்பது) இரண்டும் ஒட்டித் தெரியும், 3% வேண்டும். ஒற்றைப் பிரதி உள்ளவரிடம் மேலே மூன்றாவதாக ஒரு பட்டை வரும். அது சாதாரண இழையும் விடுபட்ட இழையும் பொருந்தாமல் ஒட்டியதால் வருவது, புது மாற்றம் என்று ரிப்போர்ட் எழுதிவிடக் கூடாது.

சிவகங்கை மருத்துவர்
தேவகோட்டை அண்ணன் சொன்னது சரி. மனைவி நெகட்டிவாக இருப்பதற்கு விளக்கம் பெரும்பாலும் வேறு. ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மாத்திரை) எடுக்காத கணவரிடமிருந்து பெண்ணுறுப்பு வழி உறவில் ஒரு தடவைக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-க்கு 8 என்ற அளவு. அது சராசரி. கணவருக்குத் தொற்று புதிது என்றாலோ, இருவரில் யாருக்காவது பால்வினைப் புண் இருந்தாலோ பல மடங்கு ஏறும். இத்தனை வருடம் வராதது அடுத்த மாதத்துக்கு உத்தரவாதம் அல்ல.

கணவர் மாத்திரையை ஒழுங்காக எடுத்து, வைரல் லோடு (ஒரு மில்லி ரத்தத்தில் உள்ள வைரஸ் எண்ணிக்கை) 200-க்குக் கீழே நிலைத்திருந்தால் உறவால் தொற்றாது. பெரியவர்களிடம் "மருமக ரத்தம் இல்லை ஆச்சி, மகன் போடுற மாத்திரைதான் காக்குது" என்று சொல்லுங்கள், பிடிபடும். மாத்திரை ஆரம்பித்த முதல் ஆறு மாதம் ஆணுறை கட்டாயம். மனைவிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. கடைசியாக ஆணுறையில்லாத உறவு நடந்து மூன்று மாதம் ஆகாமல் வந்த நெகட்டிவை முடிவானதாக எடுக்காதீர்கள்.

காரைக்குடி ஆலோசகர்
நன்றி. ஒருவர் எச்.எல்.ஏ.-பி 57:01 (நோய் எதிர்ப்பு மரபணுவின் ஒரு வகை) பாசிட்டிவ் என்ற ரிப்போர்ட்டோடு வந்து, "எனக்கு எதிர்ப்பு சக்தி" என்கிறார்.

சிவகங்கை மருத்துவர்
அது தொற்றைத் தடுக்காது. மருந்தில்லாமலே வைரஸை அடக்கி வைக்கும் அரிய சிலரிடம் பி57 வகைகள் அதிகம் காணப்படுகின்றன, அவ்வளவுதான். ஆனால் 57:01 உள்ளவருக்கு அபாகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கொடுக்கவே கூடாது. பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள் காய்ச்சல், தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வரும். நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அந்த ரிப்போர்ட்டின் நகலை அவருடைய ஏ.ஆர்.டி. புத்தகத்தில் இன்றே ஒட்டச் சொல்லுங்கள்.

தேவகோட்டை லேப்
ஒன்று விட்டுப்போனது. கணவர் மாத்திரையை விட்டிருக்கும் நாட்களில் ஆணுறை கிழிந்தால், மனைவியை 72 மணி நேரத்துக்குள் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புங்கள், 28 நாள் தடுப்பு மருந்து உண்டு. சீக்கிரம் போகப் போக நல்லது, மூன்றாம் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.