மெத்திலேஷன் பரிசோதனை எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு இப்போது 11 மாதம். 38 வாரம் முடிந்து பிறந்தும் எடை 1.7 கிலோதான். ஏழாம் மாத ஸ்கேனிலேயே வளர்ச்சி குறைவு என்றார்கள், என் மனைவி சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் பேசியதுதான் எங்களுக்குப் பெரிய வேதனை. இப்போது 5 கிலோ. பால் குடிக்கவே மாட்டேன் என்கிறாள். தலை மட்டும் வயதுக்கேற்ற அளவு, நெற்றி கொஞ்சம் முன்தள்ளி இருக்கிறது, ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டை.

மரபியல் மருத்துவர் சில்வர்-ரஸ்ஸல் சிண்ட்ரோமாக (கருவிலிருந்தே வளர்ச்சி குறையும் ஓர் அரிய மரபியல் நிலை) இருக்கலாம் என்கிறார். குரோமோசோம் பரிசோதனையும், மரபணுக்களின் எழுத்துகளைப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனையும் நார்மல். ஆனால் இதில் பெரும்பாலும் மரபணுவின் எழுத்துகள் மாறுவதில்லையாம்; அப்பாவிடமிருந்து வரும் 11-வது குரோமோசோமில் ஓரிடத்தில் மெத்தில் குறி (மரபணு இயங்குவதைக் கட்டுப்படுத்தும் வேதிக் குறி) குறைந்து, கருவின் வளர்ச்சிக்குத் தேவையான ஐஜிஎஃப்2 என்ற மரபணு அடங்கிவிடுகிறது. சிலருக்கு 7-வது குரோமோசோம் இரண்டுமே அம்மாவிடமிருந்து வந்திருக்கும். எக்ஸோமில் இவை தப்பிவிடலாம் என்பதால் இந்தக் குறிகளை அளக்கும் மெத்திலேஷன் எம்எல்பிஏ பரிசோதனை எடுக்கச் சொல்கிறார்.

இதை எடுத்தவர்கள் எங்கே கொடுத்தீர்கள், எவ்வளவு ஆனது, முடிவு வர எத்தனை நாள்? ரத்தத்தில் நார்மல் என்று வந்து, அப்புறம் கன்னத்தின் உட்புறச் செல்லில் தெரியவந்தவர்கள் உண்டா?

இன்னொன்று, சரியாகப் பால் குடிக்காததால் ராத்திரியில் ரத்தச் சர்க்கரை இறங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? நாங்கள் மாறி மாறி விழித்திருக்கிறோம். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டவர்களும் எழுதுங்கள்.