கராஜ் கதவு பக்கத்துல இருக்கற ஒல்லி சுவர், ஐடியா குடுங்க ப்ளீஸ்

வணக்கம் மக்களே, கலிஃபோர்னியால மரச்சட்ட வீடு கட்டினவங்க, ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் யாராச்சும் இருந்தா கொஞ்சம் சொல்லுங்க. கராஜ் கதவுக்கு ரெண்டு பக்கமும் 30 இன்ச் அகலத்துல ஷியர் வால் (நிலநடுக்கம், காத்துல வீடு பக்கவாட்டுல சாயாம தாங்கற சுவர்) வருது, உயரம் 9 அடி, அதாவது 108 இன்ச், உயரத்த அகலத்தால வகுத்துப் பாத்தா 3.6 வருது, ஆனா ப்ளைவுட் அடிச்ச சுவருக்கு பில்டிங் கோடுல (கட்டட விதியில) இந்த விகிதம் 3.5க்கு மேல போகவே கூடாதாம், அதனால பிளான் செக்ல (அனுமதிக்கு முன்னாடி டிராயிங்க சரிபாக்கறப்போ) திருப்பி அனுப்பிட்டாங்க. வெறும் 0.1க்கு இவ்ளோ அக்கப்போரு! ஆனா 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துல இந்த மாதிரி ஒல்லி சுவரெல்லாம் என்ன ஆச்சுன்னு படிச்சப்புறம் அவங்களயும் குறை சொல்ல மனசு வரல.

என் யோசனை என்னன்னா, கீழ கான்கிரீட் திட்ட 6 இன்ச் உசத்திட்டா மரச்சுவர் 102 இன்ச்தான, 3.4 ஆயிடும். 2க்கு மேல போனாலே சுவரோட பலத்த கொறச்சுதான் கணக்குல எடுப்பாங்க, அதனால ஆணி நெருக்கி அடிக்கணும், பெரிய ஹோல்ட்டவுன் (சுவர் முனை மேல தூக்கிடாம அஸ்திவாரத்தோட பிடிச்சு வெக்கற இரும்பு) வேணும்னு தெரியும். இப்படி யாராச்சும் பண்ணி பாஸ் ஆயிருக்கா? இல்ல பேசாம ரெடிமேட் ஸ்டீல் பேனலே வாங்கி வெச்சிடலாமா, செலவு ரொம்ப எகிறுமா? அடுத்த வாரம் டிராயிங் திருப்பிக் குடுக்கணும்ங்க.