புதுப்பிப்பு: ஒன்பது மணிக்கு மேல் வைஃபை எப்படி வந்தது என்பது தெரிந்துவிட்டது

ரவுட்டரில் இரவு ஒன்பதுக்கு மேல் மகளுடைய பழைய போனுக்கு நெட் கிடைக்காதபடி பூட்டியும் பத்து மணிக்கு அவள் வீடியோ பார்க்கிறாள், எப்படி என்று போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன். பக்கத்து வீட்டு வைஃபையாக இருக்கும் என்றுதான் பலரும் சொன்னீர்கள். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை.

ரவுட்டர் ஒரு போனை அதன் மேக் (MAC) முகவரியை, அதாவது வைஃபையில் அந்த போனை அடையாளம் காட்டும் எண்-எழுத்து வரிசையை, வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஆண்ட்ராய்டு 10-லிருந்து போன்கள் அசல் முகவரிக்குப் பதில் ஒரு கற்பனை முகவரியைக் காட்டும், செட்டிங்ஸில் அதை மாற்றவும் முடியும். மாற்றினால் ரவுட்டருக்கு அது புது போன், பூட்டு செல்லாது. முகவரியில் இரண்டாவதாக வரும் எண் அல்லது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது கற்பனை. ரவுட்டர் பட்டியலில் நேற்று பார்த்தால் அப்படி ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

கேட்டதற்கு, "நான் எதையும் உடைக்கலப்பா, செட்டிங்ஸ்ல இருந்ததைத்தான் தொட்டேன்" என்கிறாள். பதினோரு வயது! கோபப்படுவதா, கை கொடுப்பதா?

சரி என்று, நான் தரும் பட்டியலில் உள்ள போன்களுக்கு மட்டும் அனுமதி என மாற்றினேன். அப்புறம் சேலத்திலிருந்து பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த மாமியாருக்கு நெட் வரவில்லை. நான் ஆபீஸில். போனிலேயே வழி கேட்டு பாட்டியைப் பட்டியலில் சேர்த்தது மகள்தான், ஆக ரவுட்டர் பாஸ்வேர்டும் இப்போது அவளிடம்.