மறுமொழி: இன்குபேஷன் பீரியட் – அடைகாப்புக் காலமா, நோயரும்பு காலமா?

குழுவினருக்கு வணக்கம். கிருமியோ நஞ்சோ உடலுக்குள் போனதிலிருந்து முதல் அறிகுறி தெரியும்வரை உள்ள இடைவெளிதான் ‘இன்குபேஷன் பீரியட்’. நம் அகராதியிலும் கையேட்டிலும் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> கிருமி உடலுக்குள் பெருகும் காலம்தானே? முட்டைக்குச் சொல்வதுபோல ‘அடைகாப்புக் காலம்’ என்றே வைக்கலாம்.

ஐயா, உணவால் வரும் நோய்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் இந்தச் சொல் இடிக்கிறது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் வடித்த சோறு வெளியிலேயே கிடக்கிறது. கொதியில் சாகாத அதன் வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சைச் சோற்றிலேயே விட்டுவிடுகின்றன. இரவில் அதை ஃப்ரைடு ரைஸாகக் கிளறினாலும் வாணலிச் சூட்டில் அந்த நஞ்சு அழியாது. சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி. ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியா உணவில் விடும் நஞ்சு அரை மணியிலேயே வேலையைக் காட்டும். இதில் உடல் எதை அடைகாத்தது?

சால்மோனெல்லா (6 மணி முதல் 6 நாள்), கேம்பைலோபாக்டர் (2 முதல் 5 நாள்) போன்ற பாக்டீரியாக்கள் குடலில் பெருகுபவை. அங்கே ‘அடைகாப்பு’ ஓரளவு ஒட்டும். ஆனால் எல்லாவற்றிலும் மருத்துவர் கேட்பது ஒன்றுதான்: எப்போது சாப்பிட்டீர்கள், முதல் தொந்தரவு எப்போது? அந்த இடைவெளியைத்தான் ‘நோயரும்பு காலம்’ நேராகச் சொல்கிறது. மீசை அரும்புகிறது, வியர்வை அரும்புகிறது என்கிறோம். குறளிலேயே (1227) காமநோய் ‘காலை அரும்பி’ மாலையில் மலர்கிறது. இதைவிட நல்ல முன்வழக்கு எனக்குத் தெரியவில்லை.

> ‘மறைகாலம்’ இன்னும் எளிது.

எளிதுதான். ஆனால் தொற்றியவர் பிறருக்குப் பரப்பத் தொடங்கும்வரை உள்ள ‘லேட்டன்ட் பீரியடு’க்கு அது வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. கோவிடில் அறிகுறி வருமுன்பே பலர் பரப்பினார்களே.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம், உணவு வழியாகப் பரவும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா. அதில் அறிகுறி தெரிய 70 நாள்வரைகூட ஆகலாம். தென்னாப்பிரிக்காவில் 2017–18இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கி, இருநூறு பேருக்கு மேல் உயிரிழந்த தொற்றில், போலோனி என்ற பதப்படுத்திய இறைச்சிதான் மூலம் என்று 2018 மார்ச்சில்தான் அறிவிக்க முடிந்தது. போன மாதம் தின்றதை யார் நினைவு வைத்திருப்பார்கள்? நம் கையேட்டைப் படிக்கும் செவிலியர் ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள்’ என்பதோடு நின்றுவிடக் கூடாது.

ஆகவே அகராதிப் பதிவில் தலைச்சொல் ‘நோயரும்பு காலம்’. பொதுமக்களுக்கான துண்டறிக்கையில் ‘நோய் அரும்பும் காலம்’ என்று விரித்தே எழுதலாம். மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் அதை ஸ்டாஃபைலோகாக்கஸுக்கு ஒரு வாக்கியத்திலும் லிஸ்டீரியாவுக்கு ஒரு வாக்கியத்திலும் போட்டு அனுப்புங்கள். இரண்டிலும் பொருந்தினால் சேர்த்துப் பேசலாம்.