மைவி 1.3: காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகட சத்தம். டைமிங் செயின்தானா, எப்படி உறுதி செய்வது?

செம்பனை ஓரம்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். என் கார் 2009 பெரோடுவா மைவி 1.3, ஆட்டோ கியர். 218,000 கி.மீ. ஓடியிருக்கிறது. விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்தால் ஃபேன் பெல்ட் ஓடும் பக்கத்திலிருந்து தகரத்தில் சரளைக்கல் கொட்டுவது போல ஒரு சத்தம். நாலு எண்ணுவதற்குள் நின்றுவிடும். எஞ்சின் சூடாக இருந்தால் வருவதே இல்லை. எஞ்சின் விளக்கும் எரியவில்லை.

டவுனில் ஒரு பட்டறையில் காட்டினேன். போமன் (மெக்கானிக்) ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "செயின் போச்சு, செட்டாக மாற்றணும், 950 மலேசிய வெள்ளி" என்றார். எதையும் கழற்றவில்லை, அளக்கவில்லை. 950 வெள்ளி எனக்குப் பெரிய தொகை. ஆனால் தைப்பூசத்துக்கு அம்மாவைப் பத்துமலைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். நெடுஞ்சாலையில் செயின் பல்சக்கரத்தில் ஒரு பல் தாண்டிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. மாற்றும் முன் நானே பார்த்து உறுதி செய்ய வழி உண்டா?

லாபிஸ் வாசி:
பயப்படாதீர்கள். பிஸ்டன் சுற்றும் கிராங்க் தண்டையும் வால்வைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்க, பழைய கஞ்சில் காரில் இருந்தது டைமிங் பெல்ட், அதைத்தான் கணக்கு வைத்து மாற்ற வேண்டும். மைவிக்குச் செயின். எஞ்சின் இருக்கும்வரை அது இருக்கும்.

ஈப்போ ஸ்பேனர்:
லாபிஸ் தம்பி சொல்வது பாதிதான் சரி. செயினுக்கு மாற்றும் கெடு இல்லை என்பதால் அது தேயாது என்று ஆகிவிடாது. செயின் ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் அது உட்காரும் துளையும் தேய்கின்றன. ஒரு கண்ணிக்கு 0.03 மி.மீ. தேய்ந்தாலே 120 கண்ணி உள்ள செயின் 3.6 மி.மீ. நீண்டுவிடும். அழுக்கான ஆயில்தான் இதற்கு முதல் காரணம். தம்பி, ஆயில் எத்தனை கி.மீ.க்கு ஒரு தடவை மாற்றுகிறீர்கள்? தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்?

செம்பனை ஓரம்:
உண்மையைச் சொல்கிறேன் அண்ணே. 10,000க்கு ஒரு தடவை, சில நேரம் 12,000 ஆகிவிடும். லயத்திலிருந்து ஆபீஸ் 4 கி.மீ., முழுக்க மண் ரோடு.

ஈப்போ ஸ்பேனர்:
4 கி.மீ.யில் எஞ்சின் சரியாகச் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறீர்கள். உள்ளே ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்கிவிடும். அந்த ஓட்டத்துக்கு 5,000க்கு மேல் விடக்கூடாது.

இப்போது செலவில்லாத சோதனை. ராத்திரியே ஃபேன் பெல்ட்டைக் கழற்றி வையுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பத்து விநாடியில் நிறுத்திவிடுங்கள். வாட்டர் பம்ப்பும் அந்த பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதனால் அதற்கு மேல் ஓட விடாதீர்கள். சத்தம் போய்விட்டால் ஆல்டர்னேட்டர் பேரிங், வாட்டர் பம்ப் மாதிரி அந்த பெல்ட்டில் ஓடும் ஏதோ ஒன்றுதான் காரணம், செயின் இல்லை. சத்தம் அப்படியே இருந்தால் ஆயில் குச்சியைப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தாலும் இதே சத்தம் வரும்.

அடுத்து ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வு உண்டு. அது கெட்டிருந்தால் ராத்திரியில் ஆயில் சம்ப்புக்கு (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு) இறங்கிவிடும். காலையில் டென்ஷனருக்கு ஆயில் போய்ச் சேரும்வரை செயின் தொளதொளவென்று ஆடும். ஒரு ஃபில்டரில் முடிந்த வேலையை எத்தனையோ பேர் செயின் மாற்றி முடித்திருக்கிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கும்.

செம்பனை ஓரம்:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். பெல்ட் இல்லாமலும் சத்தம் வந்தது. ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். நாலு விநாடி இரண்டாகக் குறைந்தது, ஆனால் போகவில்லை. நண்பரின் ஸ்கேனரில் எந்தப் பிழைக் குறியீடும் (code) இல்லை.

ஈப்போ ஸ்பேனர்:
கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்றால் பி0016 (P0016) என்ற குறியீடு வரும். வராதது நல்ல செய்திதான், ஆனால் செயின் கொஞ்சம் நீண்டிருந்தால் அந்தக் குறியீடு வராமலும் இருக்கலாம். இனி திறந்துதான் பார்க்க வேண்டும். உங்களை அளக்க விடும் பட்டறையாகத் தேடிப் போங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

வால்வு கவரைக் கழற்றியதும் ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டைப் பிடித்து எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்ற வேண்டும். பின்னோக்கிச் சுற்றினால் இறுக்கம் டென்ஷனர் பக்கம் வந்து, தளர்வு மறுபக்கம் போய், செயின் பல் தாண்டலாம். புல்லி குறி நேராக நிற்கும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை, கேம் குறிகளும் நேராக நிற்க வேண்டும். அப்புறம் டென்ஷனர் தண்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பாருங்கள். கிட்டத்தட்ட முழுதும் வந்திருந்தால் செயின் நீண்டுவிட்டது என்று அர்த்தம்.

முன் கவரும் திறந்தால் கைடுகளில் (செயின் உரசி ஓடும் பிளாஸ்டிக் தாங்கிகளில்) செயின் அறுத்த பள்ளத்தை அளக்கச் சொல்லுங்கள். டொயோட்டா செயின் எஞ்சின் கையேடுகள் பலவற்றில் 1 மி.மீ.தான் எல்லை. பல்சக்கரத்தில் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுறாத் துடுப்பு மாதிரி கொக்கியாகியிருந்தால் முடிந்தது. முதலில் கிராங்க் சக்கரத்தைப் பாருங்கள். கேம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அது இரண்டு சுற்று சுற்றுகிறது, பற்களும் பாதிதான், அதனால் அங்கேதான் தேய்மானம் அதிகம். கண்ணுக்குத் தெரியாத தேய்மானமும் உண்டு. செயினைச் சக்கரத்தின் மேல் சுற்றி, இரண்டு பக்க ரோலர்களின் வெளி விளிம்பில் வெர்னியர் வைத்துக் குறுக்களவு எடுத்து, புதுச் சக்கரத்தோடு ஒப்பிடுங்கள்.

லாபிஸ் வாசி:
அண்ணே, அப்போ ஹாஃப்கட் கடையில் (பழைய கார் பாகங்கள் விற்கும் கடையில்) செயின் மட்டும் வாங்கிப் போட்டால் என்ன? மலிவாக முடியுமே.

ஈப்போ ஸ்பேனர்:
வேண்டாம் தம்பி. அந்தச் செயின் எந்த ஆயிலில் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டாலும் சீக்கிரம் தேய்ந்துவிடும். மாற்றினால் செயின், சக்கரம், கைடு, டென்ஷனர் எல்லாம் சேர்த்துத்தான்.

செம்பனை ஓரம்:
வேலை முடிந்தது. வேறு பட்டறையில் கூடவே நின்றேன். டென்ஷனர் தண்டு முக்கால்வாசிக்கு மேல் வெளியே வந்திருந்தது. ஒரு கைடில் பள்ளம் 1.4 மி.மீ. பழைய செயினையும் புதுச் செயினையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டோம். பழையது 2 மி.மீ. கீழே இறங்கி நின்றது. கிராங்க் சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தன. முதல் போமன் சொன்னது சரியாகத்தான் இருந்தது, ஆனால் இப்போது கண்ணால் பார்த்துப் பணம் கொடுத்தேன். இன்று காலை ஐந்தரைக்கு ஒரு சத்தமும் இல்லை. நன்றி அண்ணே.

ஈப்போ ஸ்பேனர்:
சந்தோஷம் தம்பி. ஆணியில் வளையமாகத் தொங்கும்போது தெரிவது பாதி நீளம்தான், அதனால் உங்கள் செயின் மொத்தம் 4 மி.மீ. நீண்டிருந்தது. ஒன்று மறந்துவிடாதீர்கள்: கைடு பிளாஸ்டிக் துகள் சம்ப்பில் மிச்சம் இருக்கலாம். 500 கி.மீ. ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றிவிட்டு, அப்புறம் அம்மாவோடு பத்துமலைக்குக் கிளம்புங்கள்.